பன்னிரண்டு வியாழக்கிழமைக் கரண்டு

1958ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். அன்று கடற்காற்று வரவே இல்லை. மேற்கே மேகம் கட்டி நின்றும் ஒரு துளி விழவில்லை. ஜவுளிக்கடையில் மூன்று மின்விசிறிகள் இருந்தன, ஒன்றுதான் சுற்றியது. அதன் கீழே பாயில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஒரே மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அன்று எதுவும் வாங்குவதாக இல்லை, விலை விசாரிக்கத்தான் போயிருந்தோம்.

புடவை விரித்துப் போட்ட ஆளுக்கு முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான்.

“பெத்த தாயக் கூட்டியாந்து பக்கத்துல ஒக்கார வெச்சிப் புடவ எடுக்குற புள்ளைங்க இந்தக் காலத்துல எங்க சார் இருக்காங்க? நீங்க நல்லா இருக்கணும்.”

‘இவள் என் மனைவி’ என்பது மூன்று சொல். சொல்ல இரண்டு விநாடி போதும். நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், “கடமைதானே தம்பி” என்றும் சொன்னேன்.

அவள் அந்தப் பக்கம் திரும்பி ஒரு முந்தானையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். “இது சாயம் போவுமா?” என்று கேட்டாள். அவள் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. அவளுக்கு நாற்பத்தேழு. அவள் என் அத்தை மகள். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று இரண்டு தாய்மார்களும் சேர்ந்து முடித்த கல்யாணம். மூன்று வயது மூத்த பெண்ணைக் கட்டினான் என்று ஊர் பேசுமே என்று, அவளுடைய ஜாதகத்தில் ஐந்து வயதைக் குறைத்து எழுத வைத்தார்கள். இரண்டு தாய்மார்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆகையால் 1958இல் அந்த மூன்று வயது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவளுக்கும் எனக்கும்.

அவளுக்குச் சீக்கிரமே நரைத்துவிட்டது. எனக்கு அன்றைக்கு வெள்ளை முடி பதினான்கு. மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது மனையில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். மாப்பிள்ளை வீடு அரியாங்குப்பம். அவருடைய பெரியப்பா சைகோனில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்து பென்ஷனில் திரும்பியவர். படம் பிடிக்கும் பெட்டியோடு வருவார். எல்லார் முன்னாலும் யாராவது அந்த ஜவுளிக்கடைக்காரன் மாதிரி கேட்டுவிட்டால் என்ன செய்வது? எட்டு நாளாக எனக்கு இதே யோசனை.

நான் கணக்கு வாத்தியார். பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலு வருடம் ஆகியும் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில்தான் பாடம், வியாழக்கிழமைதான் விடுமுறை. சைகோனிலிருந்து திரும்பிய ஒரு மதாம் முகத்துக்கு மெல்லிய கரண்டு வைத்து வயதைக் குறைக்கிறாள் என்று அங்கே பேசிக்கொண்டார்கள். கத்தி கிடையாது, ஊசி கிடையாது, பன்னிரண்டு தடவை உட்கார்ந்தால் போதுமாம்.

அதைக் கேட்ட அன்று மாலையே என் மனைவியிடம் சொன்னேன்: “ஒனக்குக் கன்னத்துல நரம்பு வலி வருமே, அதுக்குக் கரண்டு வைக்கிறாங்களாம். நல்லாக் கேக்குதாம்.”

“அது வந்து ரெண்டு வருசம் ஆவுதே.”

“மழக்காலத்துல மறுபடி வரும். முன்னாடியே பாத்துக்கறது நல்லது.”

அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “சரி” என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குப் போனோம். மதாமின் வீடு மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சின்ன மாடி வீடு. மதாமுக்கு அறுபது வயது என்றார்கள். முகம் வழவழவென்றுதான் இருந்தது. கழுத்தை மட்டும் அழகான ஒரு பட்டுத் துண்டால் மூடியிருந்தாள். மேசைமேல் ஒரு மரப்பெட்டி. அதில் ஒரு திருகு, ஒரு முள், இரண்டு கம்பிகள். ஒரு கம்பியின் முனையில் பித்தளை உருளை. அதைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றில் பொத்தான் அளவு வட்டத் தகடு; அதன்மேல் துணி சுற்றி உப்புத் தண்ணீரில் நனைத்து முகத்தில் வைப்பது. முதலில் என் புறங்கையில் வைத்துக் காட்டினாள். எறும்பு ஊர்வது போல இருந்தது. திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். என் சுண்டுவிரல் என்னைக் கேட்காமலே இரண்டு தடவை துள்ளியது.

“பயம் இல்ல முசியே. உள்ள தூங்குற சதைய எழுப்பி உடறோம், அவ்ளோதான்.”

நான் அப்போது செய்ததை இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. என் மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தேன். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவள். வலி என்பதெல்லாம் சும்மா, இவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள், கடையில் என் தாய் என்கிறார்கள், கல்யாணத்துக்குள் பத்து வயதைக் குறைத்துத் தர வேண்டும் என்றேன். மதாமும் பிரெஞ்சிலேயே, பத்து முடியாது, ஐந்துக்குப் பார்க்கலாம் என்றாள். தக்காளிக்குப் பேரம் பேசுவது போல ஏழுக்கு முடித்தோம். என் மனைவி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நகை ஒண்ணும் இருக்கக் கூடாது, மதாம். உலோகம் பட்டா சுட்டுடும். கம்மல், மூக்குத்தி, கழுத்துல இருக்கறது, எல்லாம்” என்று மதாம் என் மனைவியிடம் தமிழில் சொன்னாள். அவளும் என் மனைவியை மதாம் என்றே கூப்பிட்டாள்.

“கழுத்துல இருக்கறதக் கழட்டச் சொன்னா நான் எழுந்து போயிடுவேன்” என்றாள் என் மனைவி. அவர் உயிரோடு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று என்னைக் காட்டினாள். மதாம் தாலியை ஒரு பட்டுத் துணியில் சுற்றி முதுகுப் பக்கம் தள்ளிவிட்டாள்.

கம்மல் வந்துவிட்டது. மூக்குத்தி வரவில்லை. கல்யாணத்தன்று போட்டது, இருபத்து நாலு வருடமாகக் கழற்றியதே இல்லை. திருகில் மஞ்சளும் சோப்பும் இறுகிப்போயிருந்தன. தேங்காய் எண்ணெய் விட்டு நான்தான் திருகினேன். பதினோரு நிமிடம் ஆயிற்று. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, வாய் திறக்கவில்லை. அது கையில் வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். காதில் இல்லை, மூக்கில் இல்லை, தாலி முதுகுப் பக்கம். நான் செத்த பிறகு அவள் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். நான் வெளிக்கூடத்துக்கு எழுந்து போய்த் தரையில் பதித்த சதுரக் கற்களை எண்ணினேன். நூற்றெழுபத்தாறு.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“நாக்குல பித்தள ருசி வருதே.”

“அப்டித்தான் இருக்கும். கரண்டு உள்ள போவுதுன்னு அர்த்தம்.”

“போயி என்னா பண்ணும்?”

“நல்லது பண்ணும், மதாம்.”

நாலு வியாழக்கிழமை கழற்றிக் கழற்றிப் போட்டதில் மூக்கு வீங்கி, சீழ் வைத்துவிட்டது. பன்னிரண்டும் முடியும் வரை மூக்குத்தி வேண்டாம் என்று மதாம் சொன்னாள். வெறும் மூக்கோடு வாசலுக்குப் போன என் மனைவியிடம் கீரைக்காரி, “இன்னாம்மா, மூக்குல ஒண்ணும் காணோமே?” என்று கேட்டாள்.

“அடகுல இருக்குது. வாத்தியாருக்குக் கைமுடை.”

எனக்குக் கேட்கும்படி சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் தெரு முழுக்க அந்தச் சேதி பரவிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தானாகவே வந்து, வேண்டுமானால் கொஞ்சம் பணம் தருகிறேன் என்றார். இவள் ஏன் இப்படி ஒரு பொய்யைச் சொன்னாள் என்று கோபப்பட்டேனே ஒழிய, அவளை ஒரு பொய்யைச் சொல்லிக் கூட்டிப்போனவன் நான் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் அரிசியில் கல் பொறுக்கும்போது எதிரில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு அவள் முகத்துக் கோடுகளை எண்ணினேன். நெற்றியில் மூன்று. இடது கண்ணோரம் நாலு, வலது கண்ணோரம் ஐந்து. வாயோரம் பக்கத்துக்கு ஒன்று. ஆக மொத்தம் பதினான்கு. ஆறாவது வாரம் பதின்மூன்று வந்தது. சந்தோஷத்தில் எழுந்து நடந்தேன். ஏழாவது வாரம் மறுபடி பதினான்கு. நவம்பர் 6ஆம் தேதி, பன்னிரண்டாவது தடவையும் முடிந்த அன்று எண்ணினேன், பதினான்கு. புதிதாக இடது கன்னத்தில் உளுந்து அளவு ஒரு சிவந்த வடு.

டிசம்பர் முதல் வாரம், மகளுக்கு எடுத்து முடித்ததும், கல்யாணத்துக்கு என் மனைவிக்குப் புடவை எடுக்க அதே கடைக்குப் போனோம். வேறு கடைக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். அவள்தான் கேட்கவில்லை. அதே ஆள் இருந்தான்.

“வாங்க சார், வாங்க. அம்மாவையும் கூட்டியாந்துட்டீங்களா! பெத்தவங்களப் பாத்துக்கறதுல ஒங்கள அடிச்சிக்க ஆளில்ல சார்.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்:

“ஆமாம்ப்பா. எம்புள்ள தங்கமான புள்ள. எனக்கு மொகத்துல வலின்னு பன்னெண்டு வாரம் ரிக்‌ஷா வெச்சிக் கூட்டிக்கினு போயி கரண்டு வெச்சி உட்டான். யாரு செய்வா?”

“குடுத்து வெச்சவங்கம்மா நீங்க.”

“அதத்தான் நானும் தெனம் சொல்லிக்கினு இருக்கேன். சரி, பொண்ணுக்கு எடுத்தாச்சு. எனக்கு எம்புள்ள பக்கத்துல ஒக்கார மாதிரி, வயசுக்கு ஏத்தாப்ல ஒண்ணு காட்டு.”

இருபத்து நாலு வருடத்தில் என்னை அவள் ‘அவர்’ என்றே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று ‘உட்டான்’ என்றாள். கடைக்காரன் செங்கல் நிறத்தில், ஜரிகை இல்லாமல் ஒரு விரல் கரையோடு ஒரு புடவையைப் போட்டான். அதையே எடுத்துக்கொண்டாள். நான் பணம் எண்ணிக் கொடுத்தேன்.

வாய்க்கால் ஓரமாக நடந்து வரும்போது கேட்டேன்.

“ஏன் அப்டிச் சொன்ன?”

“நீங்க சொன்னதத்தான் சொன்னேன். கடமைதானே தம்பின்னீங்களே.”

“அன்னிக்கே கேட்டுதா?”

“எனக்கு மொகத்துலதான் சுருக்கம். காதுல இல்ல.”

பத்துப் பன்னிரண்டு அடி நடந்தோம்.

“மதாம் ஊட்டுலயும் கேட்டுது. த்ருவா ஸான், மூணு வருசம். தீ ஸான், பத்து வருசம். அப்புறம் ஏழுக்கு முடிச்சீங்க. இருவத்திரண்டு வருசமா கூடத்துல பசங்கள ஒக்கார வெச்சி பிரெஞ்சுல கணக்கு சொல்லித் தரீங்க. அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் நடுவுல செவுரு ஒண்ணுதான். எனக்கு நூறு வரைக்கும் தெரியும்.”

“தெரிஞ்சிமா பன்னெண்டு வாரமும் வந்த?”

“ஒரு வாரமாவது, போதும், கெளம்பு, ஊட்டுக்குப் போலாம்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க வெளிய ஒக்காந்து தரையக் கணக்குப் பண்ணிக்கினு இருந்தீங்க.” அவள் குரல் உயரவில்லை. “கரண்டு வெச்சதக் கூட உடுங்க. அந்த மூணு வருசம் நம்ம ரெண்டு பேருக்குள்ள இருந்துது. அதக் கொண்டு போயி யாரோ ஒருத்தி கையில குடுத்துட்டீங்களே.”

புடவைப் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு அவளுக்கு இரண்டு அடி பின்னால் நடந்தேன்.

மூக்குத் துளை தூர்ந்துபோயிருந்தது. தட்டார் வந்து புதிதாகக் குத்தினார். தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னார். அவள், “அவரு வேணாம், நானே அசையாம இருப்பேன்” என்றாள். அசையாமல்தான் இருந்தாள்.

அந்த வார வியாழக்கிழமை நான் தனியாக ஜவுளிக்கடைக்குப் போனேன். வழியெல்லாம் ‘இவள் என் மனைவி’ என்ற மூன்று சொல்லையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த ஆள் எழுந்து வந்தான்.

“தம்பி, அன்னிக்கு என்கூட வந்தது என் அம்மா இல்ல. என் மனைவி.”

“எந்தம்மா சார்?”

“செங்கல் கலர் எடுத்தமே.”

“ஒரு நாளைக்கு நூறு பேரு வராங்க சார். அதுல என்னா, புடவைல ஏதாவது கிழிசலா? மாத்தணுமா?”

அவனுக்கு என்னையும் நினைவில்லை, அவளையும் நினைவில்லை. நான் எவனுக்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ அவன் எங்களைப் பார்த்த மறுநிமிடமே மறந்திருக்கிறான்; இரண்டு தடவையும் சொன்னது, வருகிற எல்லாரிடமும் சொல்லும் வியாபாரப் பேச்சு. வெறுங்கையோடு வெளியே வரக் கூச்சமாக இருந்தது. கிளிப்பச்சையில் மாங்காய்க்கரை போட்ட பட்டு ஒன்றைக் காட்டச் சொல்லி, பேரம் பேசாமல் வாங்கினேன். வாழ்க்கையில் பேரம் பேசாமல் வாங்கியது அது ஒன்றுதான்.

கொண்டுவந்து கொடுத்தேன். “நல்லாருக்குது” என்றாள். பெட்டியில் வைத்தாள். கல்யாணத்தில் செங்கல் நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியப்பா எடுத்த படத்தில் அவள் நேராகப் பார்க்கிறாள். நான் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இப்போது எண்பத்தோரு வயது. அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கிளிப்பச்சைப் புடவையை அவள் ஒரு தடவையும் கட்டவில்லை. அவள் போன பிறகு மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருந்தது. பன்னிரண்டு தடவைக் கரண்டுக்கு 48 ரூபாய், ரிக்‌ஷாவுக்கு 6 ரூபாய், மூக்குப் புண்ணுக்குக் களிம்பு 75 நயா பைசா, தட்டாருக்கும் புதுத் திருகுக்கும் நாலே முக்கால், செங்கல் நிறப் புடவை முப்பத்தெட்டரை, கிளிப்பச்சை 63 ரூபாய் 40. கூட்டினால் 161 ரூபாய் 40 நயா பைசா.