புல் மருந்து அடித்த கரும்புக் கொல்லை

2006 ஆகஸ்டில் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு ஏலகிரிக்குக் கிளம்பினேன். சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயில். அங்கே என் தோழி எஸ்தர் வந்து சேர்ந்துகொள்வாள், இருவரும் பஸ்ஸில் மலையேறுவோம் என்று திட்டம். காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவள் ஆம்பூரில் பள்ளி ஆசிரியை. நான் சென்னையில் வங்கி வேலை. அரக்கோணம் தாண்டியதும் செல்போன் அடித்தது.

"காட்பாடியிலயே எறங்கிடுடி. சாமுவேல வேலூர் ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம்," என்றாள். சாமுவேல் அவளுடைய தம்பி. மாதனூர் பக்கம் ஒரு கிராமத்தில் கரும்பு போடுகிறவன்.

காட்பாடியில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் ஐந்து ரூபாய். எனக்கு அருகில் முழங்கால் கட்டோடு ஒருவர், எதிரில் எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்த ஒரு பெண். ஊரைப் பார்க்க வந்தவள் அந்த வண்டியில் நான் ஒருத்திதான். அதுவும் இனி இல்லை.

வார்டில் சாமுவேல் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு வெந்து தோல் உரிந்திருந்தது. மற்றபடி நோயாளி மாதிரியே இல்லை.

"வாங்கக்கா. மலைக்குப் போறவங்கள இங்க இழுத்துட்டேன்," என்று சிரித்தான்.

நடந்ததை அவன் மனைவி ராணி சொன்னாள். கரும்புச் சாலுக்கு நடுவே புல் மண்டிவிட்டது. பக்கத்து நிலத்துக்காரரோடு பங்கு போட்டுப் புல் மருந்து வாங்கினான். களைக்கொல்லிக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். தன் பங்கைப் பழைய கலர் சோடா பாட்டிலில் ஊற்றி மோட்டார் கொட்டகையில் வைத்திருந்தான். மருந்து அடித்துக் களைத்து வந்தவன், இருட்டான கொட்டகைக்குள் தண்ணீர் பாட்டில் என்று நினைத்து அதை எடுத்து வாயில் கவிழ்த்துவிட்டான். ஒரு வாய்தான். பெரும்பாலும் துப்பியும் விட்டான். தொண்டை எரிந்தது, மோர் குடித்துவிட்டுப் படுத்தான். மறுநாள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரி.

டாக்டர் எஸ்தரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"இந்த மருந்துக்கு மாத்து மருந்து கெடையாதும்மா. கிட்னி ஏற்கெனவே பாதிச்சிருக்கு. போகப் போக நுரையீரல் இறுகிடும்."

"நல்லாப் பேசறானே சார்?"

"முதல்ல அப்படித்தான் இருக்கும். மூச்சு முட்டினாக்கூட சட்டுனு ஆக்ஸிஜன் வைக்க முடியாது. வெச்சா விஷம் இன்னும் வேகமா வேலை செய்யும். அந்த மருந்து வந்த டப்பாவ மட்டும் கொண்டு வாங்க. எந்த மருந்துன்னு உறுதி பண்ணிக்கணும்."

மதியம் எஸ்தரும் நானும் மாதனூருக்கு ஆம்பூர் பஸ் ஏறினோம். பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணல் எடுத்த பள்ளங்களில் மட்டும் பச்சையாகக் கொஞ்சம் தேங்கிக் கிடந்தது. ஜன்னல் வழியே தோல் பதனிடும் ஷெட்டின் நாற்றம் வந்தபோது நான் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன்; பஸ்ஸில் வேறு யாருக்கும் அது உறைக்கவில்லை.

முன் சீட்டில் இருந்த இளைஞன் திரும்பிப் பேச்சுக் கொடுத்தான். விதைக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவனாம். எஸ்தர் விவசாயக் குடும்பம் என்று தெரிந்ததும் உற்சாகமாகிவிட்டான்.

"களை எடுக்க ஆள் கெடைக்கலன்றதுதான மேடம் பேஜாரு? மரபணு மாத்தின விதை வரப்போவுது. பயிர் மேலயே மருந்தடிக்கலாம். புல்லு சாவும், பயிர் சாவாது. மக்காச்சோளம், பருத்தி எல்லாத்துலயும் வருமாம். கவர்மெண்ட்டு இன்னும் உடல."

"பயிர் சாவாது. அடிக்கிறவன், தம்பி?" என்றாள் எஸ்தர்.

அவனுக்குப் புரியவில்லை. "கையுறை போடணும், முகத்துக்குத் துணி கட்டணும். எல்லாம் டப்பாலயே போட்டிருக்கும் மேடம்."

"மருந்து குடிச்ச சோளத்த யார் தின்றது?" என்று நான் கேட்டேன்.

"ஜாஸ்தி கோழித் தீவனத்துக்குத்தான் போவும்," என்றான்.

அந்தக் கோழியை யார் தின்பது என்ற கேள்வி வாய் வரை வந்தது. எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்து விட்டுவிட்டேன். அந்த விதை நல்லதா கெட்டதா என்று சொல்லும் படிப்பு எனக்கில்லை. ஆனால் மருந்து இன்னும் அதிகமாகச் செலவாகும் என்பது மட்டும் புரிந்தது.

மாதனூரிலிருந்து கொல்லை மூன்று கிலோமீட்டர். மருந்தில் பங்கு போட்ட பக்கத்து நிலத்துக்காரர் முனிரத்தினம் வரப்பிலேயே நின்றிருந்தார். எஸ்தரைக் கண்டதும் அழுதுவிட்டார்.

"நான்தாம்மா ஊத்திக் குடுத்தேன். கலர் பாட்டில்ல வேணாம்டான்னு ஒரு வார்த்த சொல்லல. களை எடுக்க ஆளுக்கு எங்க போறது? பொம்பளைங்க எல்லாம் காலைலயே ஷூ கம்பெனி வேன்ல போய்ட்றாங்க. வெயில்ல குனிஞ்சி நிக்கறதுக்கு அது மேல்தான? நாங்க இன்னா பண்றது?"

சால்களுக்கு இடையே புல் கருகிக் கிடந்தது. கரும்பு பச்சையாக நின்றது. வேலை சுத்தமாக முடிந்திருந்தது. முனிரத்தினம் எடுத்துக் கொடுத்த டப்பாவில் கால்வாசி மருந்து மீதி இருந்தது. கீழே கொட்டிவிட்டு வெறும் டப்பாவை எடுத்துப் போகலாம் என்று எஸ்தர் மூடியைத் திறந்தாள். ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் ஆற்றுக்குப் போகும் கால்வாய், நடுவே பயிர். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் மூடியை இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சிட்டாள். திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தையின் கை படாதபடி அதைத் தன் காலுக்கிடையிலேயே வைத்திருந்தாள்.

நாங்கள் திரும்பியபோது சாமுவேலுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் கேட்டான்.

"கொல்லைக்குப் போனியாக்கா? புல்லு காஞ்சிச்சா?"

"காஞ்சிடுச்சுடா. ஒண்ணுகூட இல்ல."

"அப்ப நாளைக்குத் தண்ணி உட்டுடச் சொல்லு," என்றான். முகத்தில் நிம்மதி. ராணி எழுந்து வெளியே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை லீவு முடிந்து கிளம்பினேன். காட்பாடி பிளாட்பாரத்தில் ஏலகிரி போய்வந்ததைப் பேசியபடி ஒரு குடும்பம் பலாப்பழம் வாங்கிக்கொண்டு நின்றது. அவர்கள்மேல் எனக்குக் காரணமில்லாத கோபம் வந்தது.

அடுத்த வாரம் எஸ்தர் போன் செய்தாள். சாமுவேல் போய்விட்டான். கடைசி நாளில் பேச்சே வரவில்லையாம். அடக்கம் முடிந்த மாதமே ராணி ஷூ கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். நிலம் முனிரத்தினத்திடம் குத்தகைக்குப் போயிற்று. பிறகு ஒரு நாள் போனில், களைக்கு அவர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"வேற என்ன? அதே புல் மருந்துதான்," என்றாள் எஸ்தர்.

சென்னையில் என் சமையலறையில் சர்க்கரை டப்பா எப்போதும்போல நிறைந்திருக்கிறது. எந்த ஊர்க் கரும்பு, யார் புல் மருந்து அடித்தது என்று அதன்மேல் எழுதியிருப்பதில்லை. நாங்கள் காப்பியில் போட்டுக் கலக்கிக் குடிக்கிறோம்.