மருமோனின்ர இடது காது

என்ர மருமோனின்ர இடது காது செவிடானது என்னால. அவரால இல்லை. கடலாலயும் இல்லை. நான் சொன்ன ஒரு பொய்யால.

மூண்டு வருசமா இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ர மனிசிக்கும் தெரியாது. முதல்முதலா உங்களுக்குத்தான் சொல்லுறன். நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது... அதாலதான் சொல்ல ஏலுது போல.

எனக்கு எழுத்து அவ்வளவா வராது. மூண்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டனான். போனை மேசையில வைச்சுப்போட்டுக் கதைக்கிறன், அது எழுதுது. என்ர கதை அதுக்குச் சிலநேரம் விளங்குதில்லை, திருப்பிச் சொல்லவேண்டிக் கிடக்கு. உண்மையை ரெண்டுதரம் சொல்லுறது கஷ்டம் பாருங்கோ. பொய்யை நாப்பது வருசமாச் சொன்னனான். ஒருநாளும் நாக்குத் தடக்கேல்லை.

நான் சங்கு குளிச்சவன் எண்டதுதான் அந்தப் பொய்.

முழுப் பொய்யெண்டும் இல்லை, அதுதான் கரைச்சல். சங்கு எடுக்கிற வள்ளத்தில மூண்டு மாசம் வேலை செய்தனான், அது உண்மை. ஆனால் கீழ இறங்கினது நான் இல்லை. முதுகில சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினது வேற ஆக்கள். நான் வள்ளத்தில குந்தியிருந்து தேத்தண்ணி வைச்சுக் குடுக்கிறது, சங்கைப் பெரிசு சின்னனாப் பிரிச்சுப் போடுறது. அவ்வளவுதான். எனக்கு நீந்தவும் தெரியாது. தண்ணி இடுப்புக்கு மேல வந்தால் மூச்சு முட்டும்.

பேந்து இஞ்ச ஜெர்மனிக்கு வந்து ஹைமில போட்டாங்கள். அகதியா வந்த ஆறு பேர், ஒரு அறை. கதைக்கிறதைத் தவிர வேற வேலை இல்லை. ஊரில என்ன செய்தனீங்கள் எண்டு ஒருநாள் கதை வந்தது. ஒருத்தர் வாத்தியாராம். ஒருத்தர் பாங்கில இருந்தவராம். மற்றவருக்கு ரெண்டு லொறி நிண்டதாம். அதுகளும் எவ்வளவு உண்மையோ... என்ர முறை வந்திட்டுது. தேத்தண்ணி வைச்சனான் எண்டு சொல்லுறதே? சங்கு குளிச்சனான் எண்டன். எத்தினை பாகம் ஆழம் எண்டு கேட்டினம். பதினைஞ்சு எண்டன். அண்டையிலயிருந்து அந்த ஹைமில நான் சங்கண்ணை.

அதுக்குப் பிறகு ஹனோவரில ஒரு சாப்பாட்டுக் கடையில இருபத்தாறு வருசம் கோப்பை கழுவினன். கையெல்லாம் எப்பவும் தண்ணிக்குள்ளதான்... அந்தத் தண்ணிக்கு ஆர் மரியாதை குடுக்கிறது? மகள் சுகந்தி சின்னனா இருக்கேக்க நீச்சல் குளத்துக்கு வாங்கோ அப்பா எண்டு கையைப் பிடிச்சு இழுப்பாள். உப்புத் தண்ணியில கிடந்தவனுக்கு உந்தத் தண்ணி ஒவ்வாது பிள்ளை எண்டு சொல்லித் தப்பியிருக்கிறன். அவள் அதையும் நம்பினவள்.

இப்ப மருமோனைப் பற்றிச் சொல்லவேணும். பேர் கார்த்திக். இந்தியாத் தமிழ், கோயம்புத்தூர். சுகந்தி மியூனிக்கில வேலை செய்யேக்க கண்ட பெடியன். கொம்பியூட்டர் வேலை. கலியாணம் முடிஞ்சு ரெண்டுபேரும் ஹனோவருக்கே வந்திட்டினம். அவருக்குத் தகப்பன் சின்ன வயசிலேயே இல்லை. முதல்நாள் எங்கட வீட்டை வந்து சோபாவில நுனியில இருக்கிறார். எனக்கு அவரோட என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை, அவருக்கும் என்னோட தெரியேல்லை. மனிசிதான், இவர் சங்கு குளிச்சவர் தம்பி எண்டு எடுத்து விட்டாள். பெடியன் துள்ளி எழும்பிட்டார். அவர் காசு குடுத்துப் படிச்சு, இஞ்சத்தை ஏரியளுக்குள்ள, ஐஸ் மாதிரித் தண்ணிக்குள்ள, சிலிண்டரோட இறங்கிற ஆளாம்.

"மாமா, நான் குழாத்தண்ணில பொறந்தவன். நீங்க நிஜக் கடல்ல இறங்கினவங்க. நான் எல்லாம் உங்க முன்னாடி வாயே தொறக்கக் கூடாது" எண்டார்.

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். சிரிச்சுக்கொண்டே சொல்லியிருக்கலாம்... ஏன் சொல்லேல்லை? எனக்கு அந்தப் பெடியன் எழும்பி நிண்ட விதம் பிடிச்சுப்போச்சு.

எனக்கு எழுபது வயசு வந்த வருசம், கரீபியன் பக்கம் கப்பல் பயணம் எண்டு சுகந்தியும் கார்த்திக்கும் டிக்கெற் போட்டிட்டினம். நாலு பேரும் போறது. கப்பல் ஆறு தீவில நிக்கும். அதில மூண்டு இடத்தில கார்த்திக் கடலுக்கடியில இறங்கிறதெண்டு திட்டம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானச் சாப்பாடு முடிய எங்கட குசினி மேசையில கொம்பியூட்டரை விரிப்பார்.

அது சின்னத் திட்டம் எண்டு நினையாதேங்கோ. கப்பல் காலமை எட்டுக்கு வந்தால் பின்னேரம் அஞ்சுக்கு வெளிக்கிட்டிடும். கப்பலின்ர நேரம் ஒண்டு, தீவின்ர நேரம் ஒண்டு, ரெண்டையும் எழுதவேணும். கப்பல்காரரே கூட்டிக்கொண்டு போனால் பிந்தினாலும் கப்பல் நிக்கும், ஆனால் ஆக்கள் கூட. தீவில கடலுக்குள்ள இறக்கிற கடையில பதிஞ்சால் ஆக்கள் குறைவு, ஆனால் பிந்தினால் கப்பல் நிக்காது. கடைசியா இறங்கினதுக்கும் விமானம் ஏறுறதுக்கும் நடுவில ஒரு முழுநாள் விடவேணும், இல்லாட்டி உடம்புக்குக் கூடாதாம். இதெல்லாத்தையும் கட்டம் கட்டமாப் போட்டு வைச்சிருந்தார். கடைசிக் கட்டத்துக்கு மேல என்ன எழுதியிருந்தார் தெரியுமோ? 'மாமா'. நான் சொல்லுறதை எழுதுறதுக்கு ஒரு தனிக் கட்டம்.

நான் என்னத்தைச் சொல்லுறது? வள்ளத்தில இருந்து கண்டதைச் சொன்னன். காத்து கிழக்கால அடிச்சால் மேற்குப் பக்கத்தில தண்ணி கலங்காது எண்டன். அவர் இன்டர்நெட்டில தேடிப் பாத்திட்டு, மாமா கரெக்ட் எண்டு கையைத் தூக்கினார். எனக்கும் சந்தோசம். பொய்க்குள்ள ஒரு உண்மை அம்பிட்டால் பொய் இன்னும் உறுதியாகுது...

நீங்களும் இறங்கணும் மாமா எண்டு பிடிவாதமா நிண்டார். அதுக்கு டொக்டரின்ர கையெழுத்து வேணும். நாள் குறிச்சு டெர்மின் எடுத்து எங்கட டொக்டரிட்டைப் போனன். பிரசர் குளிசை போடுற ஆளுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டிட்டா. வாசலில வரேக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தன். உள்ளுக்குள்ள எனக்குக் கோயில் திருவிழா.

அப்ப நான் வள்ளத்தில வாறதெண்டு முடிவாச்சுது. முதல் தீவில அவர் இறங்கினார், நான் போத்தலில தேத்தண்ணியோட குந்தியிருந்தன். யோசிச்சுப் பாருங்கோ... அம்பது வருசத்துக்குப் பிறகு அதே வேலை. ஆமை பாத்தேன் மாமா எண்டு மேல வந்தார், சின்னப்பிள்ளை மாதிரி. ரெண்டாவது தீவிலயும் நல்லாத்தான் இறங்கினார். ஆனால் கப்பலின்ர ஏசிக் குளிர் பிடிச்சு, அண்டு இரவு தும்மல் துவங்கிட்டுது.

மூண்டாவது தீவுதான் பெரிசு. கடலுக்கடியில மதில் மாதிரி ஒரு பாறை, அப்பிடியே ஆழத்துக்கு இறங்குதாம். அந்தப் படத்தை ஒரு வருசமாப் போனில முன்னுக்கு வைச்சிருந்தவர். அண்டைக்குக் காலமை அவருக்கு நல்ல தடிமன், மூக்கு அடைச்சுப்போச்சு. மனிசி ஊரில மாதிரி மல்லித் தண்ணி அவிக்கிறதுக்குச் சுடுதண்ணி கேக்க எண்டு சுகந்தியையும் கூட்டிக்கொண்டு போயிட்டாள். காலமைச் சாப்பாட்டு மேசையில நானும் அவரும் தனிய.

அவர் தன்ர தாளை எடுத்து விரிச்சார். தடிமன் எண்டால் இறங்கக்கூடாது எண்டு தானே சிவப்பில எழுதி வைச்சிருக்கிறார். என்னை நிமிந்து பாத்தார்.

"மாமா, ரூல் படி நான் இன்னைக்கு இறங்கக் கூடாது. ஆனா ரூலை விட உங்களுக்குத் தெரியும். நீங்க வேணாம்னு சொன்னா விட்டுடறேன். நீங்களே சொல்லுங்க."

இதை உங்களுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது... என்ர வாழ்க்கையில ஒருத்தரும் என்னட்டை அப்பிடிக் கேட்டதில்லை. டொக்டர் கேள்வியைச் சுகந்தியைப் பாத்துத்தான் கேக்கிறவ. அரசாங்கக் கந்தோரில எனக்கு முன்னால என்னைப் பற்றி ஆரோ ஆரோடயோ கதைப்பினம். கடையில கோப்பையை எங்க அடுக்கிறதெண்டு கூட முதலாளிதான் சொல்லுறவர். படிச்ச பிள்ளை ஒண்டு, தான் எழுதினதைக் கையில வைச்சுக்கொண்டு, என்னட்டைக் கேக்குது.

எனக்கு விடை தெரியும்! அதுதான் பாவம். தெரியாமல் சொல்லியிருந்தால் இண்டைக்கு நித்திரை கொள்ளுவன். அந்த வள்ளத்தில செபமாலை எண்டு ஒரு அண்ணை இருந்தவர், எல்லாரிலும் ஆழத்துக்குப் போறவர். ஒருநாள் தடிமன் எண்டு இறங்கமாட்டன் எண்டிட்டார். மற்றவை பகிடி பண்ணப் பண்ணப் பேசாமல் வள்ளத்தில இருந்தவர். காது போனால் திரும்ப வராதடா எண்டு என்னட்டைத்தான் சொன்னவர். அவருக்கு நான்தான் அண்டைக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான்.

அந்த முகம் எனக்கு முன்னால வந்தது. வந்தும் நான் என்ன சொன்னன் தெரியுமோ?

"உதெல்லாம் ஒரு தடிமனே தம்பி? நாங்கள் மாசக்கணக்கா உதோட இறங்கினனாங்கள். மூக்கைப் பொத்திப்போட்டுப் பலமா ஊதுங்கோ. முதல் காது திறக்காது. விடாமல் ஊதுங்கோ, திறக்கும்."

அவர் சிரிச்சார். "அப்பப் போலாம் மாமா" எண்டு தாளை மடிச்சுப் பொக்கற்றுக்க வைச்சார்.

ஏன் சொன்னன்? இறங்காதேங்கோ எண்டாலும் அவர் என்னைப் பெரியாளாத்தானே பாத்திருப்பார். எத்தினைதரம் யோசிச்சிட்டன்... பயந்தவனின்ர விடை மாதிரி எனக்குத் தெரிஞ்சுது போல. நான் எண்டால் வள்ளத்தில இருக்கிறவன்தானே. இறங்கினவன் வேற மாதிரிச் சொல்லுவான் எண்டு நினைச்சன். இறங்கினவன் சொன்னது எனக்குத் தெரிஞ்சிருந்தும்...

வள்ளத்தில ஒரு தாள் குடுத்தினம். தடிமன் இருக்கோ எண்டதுக்கு இல்லை எண்டு கோடு போட்டார். போட்டிட்டு என்னைப் பாத்துக் கண்ணடிச்சார்.

மற்ற ஆக்கள் வாறதுக்கு முதலே, கூட்டிக்கொண்டு போன ஆள் அவரை மேல கொண்டுவந்திட்டான். வள்ளத்தில ஏறினவருக்கு இருக்க ஏலேல்லை. சத்தி எடுத்தார். எல்லாம் சுத்துது எண்டு என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு பலகையில படுத்தார். பேந்து கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரியே ஊதினேன் மாமா. உள்ளே டப்னு ஒரு சத்தம்."

போத்தலில தேத்தண்ணி சூடா இருந்தது. அதைத் திறக்கவும் எனக்குக் கை வரேல்லை.

கப்பல் எங்களை விட்டிட்டுப் போச்சுது. தீவு ஆஸ்பத்திரியில கன நாள் கிடந்தார், தலைச்சுத்து நிண்டாப் பிறகுதான் விமானத்தில ஏத்தினவை. ஹனோவரில ஒப்பரேசன் செய்தும் சரிவரேல்லை. உள்காது கிழிஞ்சு போச்சாம். இடப்பக்கம் இனிக் கேளாது, இரைச்சல் மட்டும் இருக்கும், ஒருநாளும் திரும்ப ஆழத்துக்கு இறங்கக்கூடாது எண்டிட்டினம்.

அங்க காது டொக்டர் ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவு அனுபவமுள்ள ஆள், தடிமனோட ஏன் இறங்கினனீங்கள், ஏன் இவ்வளவு பலமா ஊதினனீங்கள் எண்டு. சுகந்தி பக்கத்தில. நான் சுவரோட கதிரையில. கார்த்திக் ஒருக்கா என்ர பக்கம் பாத்தார். பாத்திட்டு டொச் பாஷையில சொன்னார், ஆசை மிஞ்சிப் போச்சு, என்ர பிழை எண்டு. அவ்வளவு டொச் எனக்கும் விளங்கும்.

அந்த அறையில எனக்கு வாய் இருந்தது. நான் என்ர சப்பாத்தைப் பாத்துக்கொண்டிருந்தன்.

சுகந்தி அவரை மாசக்கணக்கா ஏசினாள். எழுதி வைச்ச சட்டத்தை நீங்களே மீறினீங்களே எண்டு எனக்கு முன்னால வைச்சே பேசுவாள். மாமா சொன்னார் எண்டு ஒரு சொல் அவர் வாயில வரேல்லை. ஒருக்கால் மட்டும், நானும் அவரும் வீட்டுக்குக் கீழ கெல்லரில தனிய நிக்கேக்க, தான் கடலுக்கு இறங்கிற கறுப்பு உடுப்பையும் கண்ணாடியையும் பெட்டியில போட்டு மூடிக்கொண்டு சொன்னார்:

"நீங்க மனசுல வெச்சுக்காதீங்க மாமா. உங்க ஒடம்பு கடலுக்குப் பழகின ஒடம்பு, தாங்கிச்சு. என்னோடது தாங்கல. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

விளங்குதோ உங்களுக்கு? தன்ர காதைக் குடுத்திட்டு, என்ர பொய்யை அவர் காப்பாத்திறார். இப்பவும் பிறந்தநாள் வீடுகளில புது ஆக்களுக்கு என்னைக் காட்டி, இவங்க சங்கு குளிச்சவங்க எண்டு சொல்லுறவர். சொல்லேக்க முகத்தில ஒரு பெருமை.

போன வசந்தத்தில ஒருநாள், இதுக்கு மேல ஏலாது எண்டு, மாஷ்சே ஏரிக்கரையில நடக்கப் போவம் எண்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனன். நடந்துகொண்டே சொன்னன். எல்லாம் சொன்னன். நான் ஒருநாளும் இறங்கேல்லை, எனக்கு நீந்தத் தெரியாது, செபமாலை அண்ணை சொன்னது எனக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் உங்களை ஊதச் சொன்னனான் எண்டு. ஒண்டும் விடாமல் சொன்னன்.

அவர் தண்ணியில போற பாய்வள்ளங்களைப் பாத்துக்கொண்டு வந்தார். கொஞ்சத்தால முழு உடம்பையும் திருப்பி என்னைப் பாத்தார்.

"ஏதாவது சொன்னீங்களா மாமா? இந்தப் பக்கம் வாங்க. அது கேக்காத பக்கம்."

அது எந்தப் பக்கம் எண்டு எனக்குத் தெரியாதோ? காரால இறங்கேக்கயே பாத்துத்தான் அந்தப் பக்கம் வந்தனான்.

"தேத்தண்ணி குடிப்பமோ எண்டு கேட்டனான்" எண்டன்.

குடிச்சம். என்ர கோப்பைக்கு அவர்தான் சீனி போட்டுக் கலக்கித் தந்தார்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ரெண்டுபேரும் சாப்பிட வருவினம். அவர் வழமையா இருக்கிறது யன்னலோரம். என்ர கதிரை அவரின்ர இடப்பக்கம். நல்ல காதுப் பக்கத்தை மாமா சுகந்திக்கு விட்டுக் குடுக்கிறார் எண்டு எல்லாரும் நினைச்சுக்கொண்டிருக்கினம்.

இப்பவும் கதிரை அங்கதான் கிடக்கு. நான் அதை இன்னும் மாத்தேல்லை.