கேப்டன் போட்ட கையெழுத்து

வணிகவியல் மூன்றாம் ஆண்டு படித்த அந்தப் பெண்ணுக்கு வீட்டில் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. பேனா வாங்கினால் கடையிலேயே நின்று அரைப்பக்கம் எழுதிப் பார்ப்பாள். 'இலவசம்' என்று பலகை தொங்கினால் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, ரத்தத்திலேயே ஊறியது. அவள் அப்பா முப்பத்திரண்டு வருடம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஜன்னலில் தலை சாய்த்திருப்பவன் நிஜமாகத் தூங்குகிறானா, நடிக்கிறானா என்று இமையைப் பார்த்தே சொல்லிவிடுவார். போன வருடம் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, அதைப் பெருக்கித் தருகிறேன் என்று வந்த அத்தனை பேரையும் வாசலோடு திருப்பி அனுப்பினார். அந்தப் பணத்தை நம்பித்தான் அந்தக் குடும்பத்தின் மிச்ச காலம் இருந்தது.

கல்லூரியில் இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்க வந்தார்கள். மூன்று மாதம் ஓரிடத்தில் வேலை பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் பட்டம். வெள்ளிக்கிழமைக்குள் இடத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. மற்றவர்கள் சம்பளத்தைக் கேட்டார்கள். நம் பூதக்கண்ணாடி ஒவ்வொரு மேஜையிலும் ஒரே கேள்விதான் கேட்டாள். போன வருடம் உங்களிடம் வேலை பார்த்தவர்கள் இப்போது எங்கே?

வங்கிக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். காப்பீட்டுக்காரர் தண்ணீர் குடித்தார். ஆடிட்டர் அம்மாள் மட்டும் முகத்துக்கு நேரே சொன்னார்: "ஒருத்தி ரெண்டே வாரத்துல ஓடிட்டா. குடோன்ல சரக்கு எண்ணணும், எலி இருக்கும்." இவ்வளவு உண்மை பேசுகிறாள் என்றால் உள்ளே எதையோ பெரிதாக மறைக்கிறாள் என்று இவளுக்கு அதிலும் சந்தேகம்.

கடைசி மேஜை ஒரு முதலீட்டு ஆலோசனை நிறுவனம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, ஆடிட்டர் தருவதைப் போல நான்கு மடங்கு உதவித்தொகை. திங்கட்கிழமை நேர்முகத்துக்குப் போனாள். மதிப்பெண்ணைக்கூடப் பார்க்காமல், "வெல்கம்மா" என்று கைகுலுக்கினார் மேலாளர். அப்போதே இவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அடுத்து ஒரு தாளை நீட்டினார்கள். தெரிந்தவர்கள் பத்துப் பேரின் பெயர், தொழில், கைபேசி எண். எதற்கு என்று கேட்டாள். "சும்மாதான், ஏதாவது அவசரம்னா கூப்பிட."

அவசரத்துக்குக் கூப்பிடத் தொழில் எதற்கு? யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்? வேறு யாராவது என்றால் எழுந்து வந்திருப்பார்கள். இவள் எழுந்து வரவில்லை. கையும் களவுமாகப் பிடித்தே தீர வேண்டும் என்று பிடிவாதம். எண்களை உண்மையாக எழுதினாள், தொழிலைப் பொய்யாக எழுதினாள். பள்ளிக்கூடத்துச் சமையல்காரியான அத்தையைப் பல் டாக்டர் ஆக்கினாள். அப்பாவைக் கப்பல் கேப்டன் ஆக்கினாள். அந்தப் பட்டத்தோடு யாராவது கூப்பிட்டால் எண் எங்கிருந்து போனது என்று தெரிந்துவிடுமே!

வீட்டில் மூச்சு விடவில்லை. அத்தைக்கு ஓட்டை வாய், தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள். அப்பாவோ நேரே போய் மேலாளரிடம் சண்டைக்கு நிற்பார். வலை விரிப்பவள் மீனிடமா சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். அடிப் பாவி, அங்கேதான் தப்புச் செய்தாள்.

வியாழக்கிழமை மாலை அத்தை வழியிலேயே பிடித்துக்கொண்டாள். யாரோ ஒரு பையன் தன்னை "டாக்டர் மேடம்" என்று கூப்பிட்டு ஏதோ திட்டத்தில் பணம் போடச் சொன்னானாம், என் பல்லையே எனக்குப் பிடுங்கத் தெரியாது என்று போனை வைத்துவிட்டாளாம். பூதக்கண்ணாடிக்குத் தலைகால் புரியவில்லை. பிடித்துவிட்டாள்! அப்பாவிடம் சொன்னால் மனிதர் எவ்வளவு பெருமைப்படுவார் என்று வீட்டுக்கு ஓடினாள்.

அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அந்த முதலீட்டு நிறுவனத்தின் ரசீது, ஓய்வுப் பணத்தில் பாதிக்கு. ஐந்து வருடத்துக்கு எடுக்க முடியாது. புதன்கிழமையே வீட்டுக்கு வந்து காசோலை வாங்கிப் போயிருக்கிறார்கள்.

"என்னப்பா இது? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"நீ அங்க வேலைக்குச் சேந்துட்ட, நீதான் நம்பர் குடுத்தன்னு சொன்னாங்க. ரசீது நம்பர், தேதி, சீல் எல்லாம் பாத்தேன். சரியாத்தான் இருக்கு."

"உங்கள எப்படிக் கூப்பிட்டாங்க?"

அப்பா கொஞ்சம் கூச்சப்பட்டார். "கேப்டன் சார்னு கூப்பிட்டாங்க. எனக்கே சிரிப்பு வந்துச்சு. ஆபீஸ்ல அப்பா என்ன பண்றாருன்னு கேட்டிருப்பாங்க, பஸ்ல டிக்கெட் பாத்தவர்னு சொல்ல உனக்குச் சங்கடமா இருந்திருக்கும். பரவால்லம்மா. நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

முப்பத்திரண்டு வருடம் ஒரு போலி டிக்கெட்டைத் தவற விடாத மனிதர். கேப்டன் என்பது பொய் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. மகள் சொன்ன பொய் என்பதால் அதைத் தன் பொய்யாக எடுத்துக்கொண்டார். அவள் அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா அந்தத் தாளை மடித்து அலமாரியில் வைத்தார். நாளைக் காலையில் இருவருமாக அந்த அலுவலகத்துக்குப் போவது என்று முடிவாயிற்று. பணம் திரும்புமா என்று இருவருக்கும் தெரியாது.

பிறகு கல்லூரிப் படிவத்தை எடுத்தாள். ஆடிட்டர் அலுவலகத்தின் பெயரை எழுதினாள். பெற்றோர் கையெழுத்துக்கு அப்பாவிடம் நீட்டினாள். அவர் வழக்கம்போலத் தாளைப் பார்க்காமலே, எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டார். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அவள் நீட்டிய எதையும் அவர் படித்ததில்லை.

அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"படிச்சுட்டுப் போடுங்கப்பா."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.