அக்கா கேட்க வைத்திருந்தவை

வாலாஜாபாத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் காது கேட்காமல் போனது. சோறு, தூக்கம், கடை, அப்பா வருகிறார் என்று முப்பது நாற்பது கைச்சாடைகளில் நாங்கள் அவரோடு பேசினோம். அது போதும் என்றிருந்தோம்.

காஞ்சிபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோதுதான் அவருக்கு முழுமையான சைகை மொழி கிடைத்தது. விடுமுறையில் எனக்கும் சொல்லித்தர முயன்றார். நான் விளையாட ஓடிவிடுவேன்.

ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். இடையில் தென் மாவட்டங்களிலிருந்து காது கேளாத பெண்கள் சிலர் அவரது உற்பத்தி லைனிலேயே சேர்ந்தார்கள். கிழமைகளுக்குக்கூட அவர்களின் சைகை வேறு. சிலர் பள்ளிக்கே போகாமல், தங்கள் வீட்டுச் சாடைகளோடு மட்டும் வந்திருந்தார்கள். அக்கா ஒவ்வொருவரின் சைகையையும் கற்றுக்கொண்டு, சூப்பர்வைசர் எழுதிக் காட்டுவதை அவரவருக்குப் புரியும்படி விளக்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றத்தூரில் அவர்களது வாடகை அறைக்குப் போய்விடுவார்.

"நாம இங்க இல்லியா, அங்க இன்னா கீது அவளுக்கு?" என்று அம்மா வருந்துவார்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் சேர்த்தோம். மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார் என்று இரு கைகளையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. பார்க்க வந்த தொழிற்சாலைத் தோழி செல்வி, தூத்துக்குடிப் பெண், அழுதபடி கட்டை அவிழ்க்கப் போனார். செவிலியர் தடுத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செவிலியரிடம் சொன்னேன்:

"அவுத்து வுடுங்க சிஸ்டர். அவங்க கையாலதான் பேசுவாங்க. நான் பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்கிறேன்."

கை விடுபட்டதும் அக்கா நெடுநேரம் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்வி தன் போனில் எழுதிக் காட்டினார்: "உங்க கல்யாணப் பந்தியில எல்லாரும் சிரிச்சீங்களாம். எதுக்குன்னு கேட்டதுக்கு, அப்புறம் சொல்றேன்னீங்களாம். இப்ப சொல்லுங்கன்னு அக்கா கேக்காங்க."

பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. யோசித்து எழுதினேன். எங்கள் மாமா, சம்பந்தியின் இலையிலிருந்த வடையைத் தெரியாமல் தின்றுவிட்டு, அவருக்கு ஏன் வடை வைக்கவில்லை என்று பரிமாறியவரைத் திட்டினார். செல்வி அதைக் கைகளால் சொன்னார். அக்கா உடல் குலுங்கச் சிரித்தார். அடுத்ததைக் கேட்டார். நான்கு கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். ஐந்தாவதைத் தொடங்கும்போதே கண்ணயர்ந்துவிட்டார். பிறகு நினைவு திரும்பவில்லை. மூன்றாம் நாள் எங்களைப் பிரிந்தார். அவர் கேட்க வந்தது என்னவென்று செல்விக்கும் தெரியவில்லை.

அக்காவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், உடன் நின்ற உறவினர்களுக்கும், அவர் மனம்விட்டுப் பேச இடம் தந்த குன்றத்தூர் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தோழிகளுக்காக, இன்று நினைவுநாள் சாப்பாட்டுக்கு முன் செல்வி இந்தக் கட்டுரையைச் சைகையில் சொல்வார். உறவினர்கள் யாரும் எழுந்து போய்விடாமல், புரியாவிட்டாலும் அவர் முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டுகிறேன்.