அண்ணனின் பகுதி இல்லாத பதிப்பு

எந்தப் பேருந்து எப்போது கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுவது அவள் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்தாள். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து இலவசமாக உருவாக்கும் ஒரு கணினி நிரல்மொழிக்கு, புதிய பதிப்பு எப்போது வரும், அதில் எது சேரும், எது அடுத்த முறைக்குத் தள்ளிப்போகும் என்று திட்டமிடுபவள் அவள்தான். குழுவில் அவளைக் 'கண்டக்டரம்மா' என்பார்கள். அவள் விசில் ஊதினால்தான் வண்டி நகரும்.

அவளை அதற்குள் இழுத்துவிட்டவன் அண்ணன். "சொன்ன தேதி சொன்னதுதான், யாருக்காகவும் வண்டி நிக்கக் கூடாது" என்று விதி போட்டவனும் அவனே.

பிறகு அவனுக்கு நரம்பு நோய் வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகச் சொல்பேச்சுக் கேட்காமல் போயின. அதற்குள் ஒரு வேலையை முடித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் தப்புச் செய்தால், முகத்தில் அறைந்த மாதிரி புரியாத பிழைச்செய்திகளைக் கொட்டாமல், 'இந்த வரியில் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டாய்' என்று கணினியைப் பொறுமையாகச் சொல்ல வைக்கும் பகுதி அது. அவன் சொல்லச் சொல்ல அண்ணி தட்டச்சு செய்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் புரியாது. ஒரு புள்ளி விடாமல் அடித்தாள்.

சோதனைப் பதிப்பு வெளியானதுமே புகார் வந்தது. பழைய கணினிகள் அந்தப் பகுதிக்கு வந்ததும் உறைந்துபோயின. குழுவினர் முட்டி மோதியும் சரிசெய்ய முடியவில்லை. வெளியீட்டைத் தள்ளிப்போடவும் வழியில்லை. அதிலிருந்த பாதுகாப்புத் திருத்தத்துக்காக ஏகப்பட்ட பேர் காத்திருந்தார்கள். "நீங்க சொல்றபடி செய்யலாம்" என்று குழு முடிவை அவள் தலையில் கட்டியது.

ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி அவனுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பழைய கணினிகள் உறைவதையும், அவன் பகுதியை எடுத்தால்தான் பதிப்பு தேதிக்கு வரும் என்பதையும் சொன்னாள்.

அவன் அடுத்த கரண்டி கஞ்சிக்கு வாய் திறக்காமல் தலையைத் திருப்பினான்.

"எடுத்துரு" என்றான். குழறலாக வந்தது.

"அடுத்த பதிப்புல கண்டிப்பா வந்துரும்ணா."

"அது எப்போ?"

"அடுத்த வருஷம்."

"நல்லது. நான் அப்ப லீவு" என்று சிரித்தான். கடைவாயில் கஞ்சி வழிந்தது. அண்ணி துடைத்துவிட்டாள், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கண்டக்டரம்மா பேருந்து நிறுத்தம்வரை அடக்கிக்கொண்டு வந்து, அங்கே எல்லோர் முன்னாலும் அழுதாள்.

பதிப்பு சொன்ன தேதியில் வந்தது. வருஷம் திரும்புவதற்குள் அண்ணன் போய்விட்டான்.

அடுத்த பதிப்பில் அவன் பகுதி பழுது நீங்கிச் சேர்ந்தது. முகம் தெரியாத எத்தனையோ பேர் அவன் பெயருக்கு நன்றி எழுதினார்கள். சிலர் சந்தேகமும் கேட்டார்கள். 'அவர் இப்போது இல்லை' என்று அவள் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டாள்.

எல்லாவற்றையும் அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அண்ணி திரையில் விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். படித்து முடித்து,

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் விட்டு வச்சிருந்து, அது வெளிய வந்ததை அவர் பார்த்தப்புறம் எடுத்திருக்கக் கூடாதாம்மா?" என்றாள்.

திட்டுகிற குரலில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கண்டக்டரம்மாவுக்கு அப்படி ஒரு வழி தோன்றவே இல்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.