எடை மெஷினில் நான் ஏறாத நாட்கள்

மனிதர்களை எடை போடுகிற வேலையில் ஒரு வசதி உண்டு: எடை போடுகிறவளை யாரும் எடை போட மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் மதுரை கீழவாசல் பக்கம் ஒரு சுகர் டாக்டரிடம் வேலை பார்த்தேன். வருகிறவர்களை மெஷினில் ஏற்றி, முள் நிற்கிற இடத்தை நோட்டில் எழுதி, டயட் சார்ட்டைக் கையில் கொடுத்து விளக்கிச் சொல்ல வேண்டும். நான் நர்ஸ் இல்லை. இருந்தாலும் எல்லாருக்கும் சிஸ்டர்தான். அப்போது எனக்கு நாற்பத்து நாலு வயது. போன தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட் இந்தத் தீபாவளிக்குள் எப்படிச் சுருங்கியது என்று பீரோ முன்னால் நின்று யோசித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் எடை என்ன என்று கேட்க மாட்டீர்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

முள்ளும் மூக்குக் கண்ணாடியும்

மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தோம், ஏறுவதற்கு முன்னால் கைப்பையை வைக்க. நாளாக நாளாக வாட்ச், பெல்ட், சாவிக்கொத்து எல்லாம் அதில் வந்து சேர்ந்தன. ஒரு கிலோ குறைத்துக் காட்டினால் டாக்டரின் திட்டிலிருந்து தப்பிக்கலாம் என்ற ஆசைதான். பார்க்க வருகிற நாளில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறவர்களும் உண்டு.

திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருந்த ஒருவர், ஸ்டூல் நிறையக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசியில் மூக்குக் கண்ணாடியையும் கழற்றினார். அது என்ன பெரிய கனம் கனக்கப் போகிறது என்று கேட்டேன். "கனத்துக்கு இல்ல சிஸ்டர். கண்ணாடி இல்லாட்டி முள்ளு எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க கொறச்சுச் சொன்னா நம்பிக்கிருவேன்ல" என்றார்.

புது மருந்து

மெஷின் ஒழுங்காகக் காட்டுகிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். அதற்காகவே இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றைப் பிரிக்காமல் மூலையில் வைத்திருந்தேன். அதைத் தூக்கி வைத்து முள் இருபத்தைந்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். லேபில் இருந்த மாரிமுத்து அண்ணன், "எதுக்கு சிஸ்டர் இடுப்பு நோவத் தூக்குறீங்க? நீங்க ஒரு தடவ ஏறி எறங்குனாப் போதுமே" என்பார். எனக்குக் காது கேட்காது.

ஒரு நாள் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற புது மருந்து லேபுக்கு வந்தது. சரிபார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டும் என்று மாரிமுத்து அண்ணன் என் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து வந்து இன்னொரு தடவை எடுத்தார். பிறகு என் சர்க்கரை அளவை எழுதிய ஒரு சீட்டை மேஜையில் வைத்தார். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. என் அம்மாவுக்குச் சர்க்கரையால் ஒரு காலை எடுத்தார்கள். செருப்பு கடித்த சின்னப் புண்ணில் ஆரம்பித்தது அது. அந்தப் பயத்தில் உடனே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. சீட்டை டிராயரில் டயட் சார்ட்டுகளுக்கு அடியில் வைத்து மூடினேன். டாக்டரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்லாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்காரரிடமும் மூச்சு விடவில்லை. அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது மாரிமுத்து அண்ணன் வாசலில் நின்று சொன்னார்: "மருந்துல கோளாறு இல்ல சிஸ்டர். இருந்திருக்கக் கூடாதான்னு இருக்கு."

மூணு இட்லி

சரோஜாபாய் சௌராஷ்டிரக் குடும்பம். கணவருக்கு ஜவுளி வியாபாரம், நாள் முழுக்கத் திண்டில் சாய்ந்தே உட்காருகிற தொழில். காலையில் மூன்று இட்லிக்கு மேல் கூடாது என்று அவருக்கு எழுதிக் கொடுத்தோம். மனிதர் சத்தியமாக மூன்றுதான் சாப்பிட்டார், எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. துருவித் துருவிக் கேட்டதில், சரோஜாபாய் இட்லித் தட்டைப் பரணில் போட்டுவிட்டுக் குழம்புக் கிண்ணத்தில் மாவை ஊற்றி அவிப்பது தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அந்த அம்மா கண் கலங்கிவிட்டார். "முப்பது வருஷமா எட்டுக்குக் கொறஞ்சு எந்திரிச்சதில்ல சிஸ்டர். அவரு மூணோட எந்திரிச்சா எனக்குத்தான் வயிறு நெறைய மாட்டேங்குது." அன்று ராத்திரி வீட்டில் நான் ஏழு இட்லி சாப்பிட்டேன். என்னை யாரும் துருவவில்லை.

தூரத்துப் பள்ளிவாசல்

காதர் பாய்க்குப் பழைய ஊருக்குள் செருப்புக் கடை. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு, "அஞ்சு வேளையும் நடந்துதானே தொழுகப் போறேன்" என்றார். விசாரித்தால், பள்ளிவாசல் கடைக்கு அடுத்த கட்டடம். அப்படியானால் தூரத்துப் பள்ளிவாசலுக்குப் போங்கள் பாய் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தேன்.

அவர் அதைச் சார்ட்டில் எழுதிய மாதிரியே எடுத்துக்கொண்டார். வெயில், மழை பார்க்காமல் நாலு தெரு தாண்டி நடந்திருக்கிறார். அடுத்த மாதமே இரண்டு கிலோ குறைந்திருந்தது. ஆனால் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்துக்கு மனசு கேட்கவில்லை. இருபது வருஷமாக முன்வரிசையில் நின்றவர் ஏன் வருவதில்லை, யார் என்ன சொன்னார்கள் என்று கடைக்கே வந்து கேட்டாராம். பாய் சொன்ன பதில்: "வருத்தம் ஒண்ணுமில்ல ஹஜ்ரத். நம்ம பள்ளிவாசல் ரொம்பப் பக்கத்துல இருக்கு, அதான் கொறை."

சுண்டுவிரல்

சீட்டு டிராயருக்குள் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. காதர் பாய் மெஷினில் நின்றார், நான் முள்ளைப் பார்க்கக் குனிந்தேன். அவர் முள்ளைப் பார்க்கவில்லை, என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதங்களைப் பார்த்தே வியாபாரம் செய்கிறவர் இல்லையா. என் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு புண் இருந்தது.

"செருப்பு கடிச்சு எம்புட்டு நாளாச்சு தங்கச்சி?"

"மூணு வாரம்."

ஆற வேண்டிய புண் ஆறவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கும்போது அம்மாவின் கட்டுப்போட்ட கால்தான் ஞாபகம் வரும். சுகர் பார்த்தீர்களா என்று கேட்டார். டிராயரைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினேன். டாக்டரிடமும் புருஷனிடமும் காட்டாததை இவரிடம் ஏன் காட்டினேன் என்று தெரியாது. படித்தார். மெஷினிலிருந்து இறங்கி, "ஏறுங்க" என்றார்.

செருப்பு, வாட்ச் எதையும் கழற்றாமல் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். அவர் குனிந்து பார்த்து, என் நோட்டில் தன் பெயருக்கு அடுத்த வரியில் எழுதினார். எண்பத்திரண்டு. பிறகு, டாக்டர் அறைக்கு முன்னால் வரிசையில் இருந்தவர்களிடம் அனுமதி கேட்டு, தன் முறையை எனக்குக் கொடுத்தார். நான் தயங்கி நின்றேன். "நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னு நான் அஞ்சு வேளையும் நாலு தெரு நடக்கிறேன். நீங்க நாலு எட்டு வச்சு அந்த ரூமுக்குள்ள போகக் கூடாதா தங்கச்சி?"

போனேன். புண் ஆற இரண்டு மாதம் ஆனது. விரலை உரசாத செருப்பு ஒன்றைப் பாயே தேடிக் கொடுத்தார். வீட்டுக்காரரிடம் சொன்ன மறுநாள் காலை அவரும் கூடக் கிளம்பினார், தெப்பக்குளத்தைச் சுற்றி இருவரும் தினமும் நடந்தோம். எண்பத்திரண்டு எழுபதுக்கு வர ஒன்றரை வருஷம் பிடித்தது. விஷயம் தெரிந்த சரோஜாபாய் ஒரு நாள் தூக்குவாளியோடு வந்து நின்றார். உள்ளே மூன்று இட்லி, இட்லித் தட்டில் அவித்தவை. "சின்னதாத்தான் ஊத்துனேன் சிஸ்டர். எனக்கும் இப்பப் பழகிருச்சு" என்றார்.

மெஷினைச் சரிபார்க்கத் தினமும் நானே ஏறலாம் என்று முடிவு செய்து பார்த்தேன், ஆனால் ஏற ஆரம்பித்த பிறகுதான் மெஷின் மேல் சந்தேகம் அதிகமானது, அதனால் அரிசி மூட்டையும் அதே மூலையில்தான் இருந்தது.