வாளுக்கு முன்னால் கால்

பேருந்து நிலையத்தில் அவள் முகம் தெரிந்தவர்கள் குறைவு; குரல் தெரியாதவர்கள் இல்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது புறப்படும் என்று மைக்கில் சொல்வது அவள் வேலை. கண்டக்டர்கள் வைத்த பெயர் மைக்கம்மா. வண்டி கண்ணெதிரே உறுமிக்கொண்டு நின்றாலும், அவள் குரல் வரும்வரை ஜனம் பையைத் தூக்காது.

அவள் புருஷன் அதே நிலையத்தில் டிரைவர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருப்பது ஒரே பைத்தியம்: ஜப்பான் சாமுராய் படங்கள். லீவு நாளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுவிடுவார்.

"ரெண்டு பேரு நைட்டி மாட்டிக்கிட்டு சும்மா நிக்கறதை எவ்வளவு நேரந்தான் பார்க்கறது?" என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டிருக்கிறாள்.

"நிக்கறதுதாம்மா சண்டையே. வாள் வீசறதெல்லாம் கடைசியில கிழிச்சுக் குடுக்கற டிக்கெட்டு. கையைப் பார்க்காத, காலைப் பாரு. வாளுக்கு முன்னால கால் கிளம்பும்."

ரோட்டிலும் அதுதான் அவர் வேதம். ஓரத்தில் நிற்கிறவன் முகம் பொய் சொல்லும், குதிகால் சொல்லாது. குதிகால் எழும்பினால் குறுக்கே பாயப் போகிறான் என்று அர்த்தம். அதை நம்பித்தான் இத்தனை வருஷம் யார் மேலும் ஒரு சிராய்ப்புப் படாமல் ஓட்டியிருக்கிறார்.

நாளடைவில் அவளுக்கும் ருசி பிடித்துவிட்டது. வாளை உருவும் அந்த 'சரக்' ஓசைக்காகவே அடுக்களை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வருவாள். படத்தின் அடியில் ஓடும் எழுத்தை உரக்கப் படிப்பது அவள் பொறுப்பு. "நான் எழுத்தைப் படிச்சா வாளை விட்டுடுவேன்" என்பார் அவர். இரண்டு பேர் எதிரெதிரே நின்றதும் படத்தை நிறுத்துவார்கள். யார் ஜெயிப்பார் என்று ஆளுக்கொருவராகச் சொல்ல வேண்டும். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். இந்தப் பந்தயத்தால் அவள் கையில் சோப்பு வாசனை போனதே இல்லை.

ஆனால் கொஞ்ச காலமாகக் காற்று திசை மாறியிருந்தது. வாராவாரம் அவர்தான் கழுவினார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார் முதலில்.

"உங்க ஆனை வழுக்குப் பாறையிலயே குடித்தனம் பண்ணுது போல" என்று சிரித்தாள் அவள். வெற்றி யாருக்குத்தான் கசக்கும்? ஏன் என்று அவள் யோசிக்கவில்லை.

ஒரு லீவு நாள். படத்தில் மழை. மூங்கில் தோப்பு ஓரமாக ஒருவன் வாளின் பிடியில் கை வைத்து நிற்கிறான். எதிரி இன்னும் வந்து சேரவில்லை. அவர் அவசரமாகப் படத்தை நிறுத்தினார்.

"இடது பக்கத்து ஆள்தான் ஜெயிப்பான். அசையறானா பாரு! கால் வேர் விட்ட மாதிரி நிக்குது."

அவள் பார்த்தாள். இடது பக்கம் நின்றது ஒரு மரக்கம்பம். அதன் மேல் யாரோ வைக்கோல் மழைக்கோட்டை மாட்டி வைத்திருந்தார்கள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, அது கம்பங்க! வேர் விட்டிருந்தாலும் விட்டிருக்கும்!" சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். கம்பம் என்று சொன்ன பிறகும் அவருக்கு அது கம்பமாகத் தெரியவில்லை.

"ஏங்க, எத்தனை நாளா இப்படி?"

"மழைக் காட்சி, மங்கலா எடுத்திருக்கான்."

"எனக்கு மங்கலா இல்லையே. நாளைக்கே கண் டாக்டரைப் பார்ப்போம்."

"அடுத்த மாசம் பார்க்கலாம். விஷயம் வெளியில தெரிஞ்சா ஸ்டீரிங்கைப் பிடுங்கிட்டு மூலையில ஒரு ஸ்டூலைப் போட்டுடுவானுங்க. அப்புறம் நான் செல்லாக்காசு. பகல்ல நல்லாத்தான் தெரியுது. எதிர் வெளிச்சந்தான் கொஞ்சம் இழுக்குது."

அன்று படம் நின்ற இடத்திலேயே நின்றது.

மறுநாள் காலை அவர் வண்டி நாலாம் நடைமேடைக்கு வந்தது. மைக்கம்மா ஒன்றாம் நடைமேடையைச் சொன்னாள், ஆறைச் சொன்னாள், காணாமல் போன குடையைக்கூடச் சொன்னாள். நாலை மட்டும் சொல்லவில்லை. ஜனம் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தபடி நின்றது. ஒருவரும் ஏறவில்லை.

அவர் வண்டியின் கண்டக்டர் ஓடி வந்தான். "அக்கா, மைக்கு படுத்துடுச்சா?"

"மைக்கு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அண்ணனோட சண்டையா? வீட்டுச் சண்டையை வீட்டோட வெச்சுக்கங்கக்கா. பசங்களுக்கு ஸ்கூல் போயிடும், எனக்கு மானம் போயிடும்!"

"உங்க அண்ணனை வரச் சொல்லு."

அவர் வந்தார். முகத்தில் கோபம் கொதித்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை; காலைப் பார்த்தாள். கூண்டின் வாசலில் ஒரே ஒரு படி. தினமும் ஏறி இறங்குகிற படி. அவருடைய செருப்பு நுனி முதலில் அதைத் தேடித் தட்டிப் பார்த்தது. பிறகுதான் பாதம் மேலே வந்தது.

"என்ன விளையாட்டு இது?" என்றார்.

"நீங்க படி ஏறினதைப் பார்த்தேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "படத்துல கால் தெரியலைன்னா பாத்திரம் கழுவுனாப் போச்சு. ரோட்டுல தெரியலைன்னா எதைக் கழுவுவீங்க? நான் கூப்பிட்டாத்தான் அவங்க ஏறுவாங்க. இன்னிக்கு என்னால கூப்பிட முடியாதுங்க."

இருவரும் நின்றார்கள். வெளியே ஒரு குழந்தை அழுதது, யாரோ கடிகாரத்தைத் திட்டினார்கள். கண்டக்டர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் அவர் பையில் கைவிட்டு, வண்டிச் சாவியை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாத்து டிரைவரைக் கூப்பிடச் சொல்லு" என்றார் கண்டக்டரிடம்.

மாற்று டிரைவர் வந்து சீட்டில் உட்கார்ந்ததும் அவள் நாலாம் நடைமேடையை அறிவித்தாள். அன்று மைக்கில் அவள் சொன்ன ஊர்ப் பெயர்களைவிட, தாமதத்துக்குக் கேட்ட மன்னிப்புதான் அதிகம்.

கண்புரை, இரண்டு கண்ணிலும். "இதோடயா பஸ் ஓட்டினீங்க?" என்று கேட்டார் டாக்டர். அவர் பயந்த ஸ்டூல் கிடைக்கத்தான் செய்தது. விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து, ஒரு கண்ணுக்கும் பிறகு மறு கண்ணுக்கும் அறுவை முடிந்து ஆறும்வரை, வருகிறவர்களுக்கு வழி சொன்னார். அலுப்பாக இருந்தது, செத்துப்போகவில்லை. பார்வைச் சோதனையில் தேறிய பிறகுதான் சாவி திரும்பக் கைக்கு வந்தது.

அந்த வார லீவில் அதே மூங்கில் தோப்புப் படம். கம்பத்தைக் கண்டதும், "அட, கம்பமேதான்" என்று ஒப்புக்கொண்டு, படத்தை முதலிலிருந்து ஓட்டினார். புதுக் கண்ணின் ஆசை தீரட்டும் என்று அவள் சும்மா இருக்க, எழுத்தை அவரே படித்தார். பாதியில் சந்தேகமாகத் திரும்பினார்.

"ஏம்மா, மகன் சண்டைக்குப் போறப்போ அந்த அப்பன் 'போய் வா'ன்னு மட்டுந்தான் சொல்றான். அன்னிக்கு நீ அரை நிமிஷம் படிச்சியே? அழுதியே வேற!"

"பெத்த பிள்ளை சாகப் போறான். வெறும் 'போய் வா'வா சொல்லுவாங்க? கல்நெஞ்சக்காரன். நான்தான் நாலு வார்த்தை சேர்த்தேன்."

"எத்தனை படத்துல சேர்த்திருக்க?"

"எல்லாத்துலயுந்தான்."

அவர் எழுத்தில் கண்ணை ஓட்டி அந்த மோசடியை மேலும் ஆராயும்போது, 'சரக்' என்றது. நிமிர்வதற்குள் மழையில் ஒருவன் விழுந்து கிடந்தான்.

"ஐயோ, வாளை விட்டுட்டேன்!" என்று பின்னால் ஓட்டினார். "நீயே படி, தாயே. இருக்கறதை மட்டும் படி."

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கம்மா படிக்கத் தொடங்கினாள்.